பேச்சுக்கட்டியின் ஒன்பதாவது துண்டு

எங்கள் ஊர் வைகாசித் திருவிழா நோட்டீசை அடிக்கிற கீரனூர் அச்சகத்துக்காரர் வருடா வருடம் என் பெயருக்குக் கீழே ‘நாடக ஆசிரியர்’ என்று போட்டுவிடுகிறார். நானும் வருடா வருடம் ‘பேச்சுக்கட்டி’ என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று அவருடைய கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுகிறதாம். அவருக்குக் கம்ப்யூட்டர் சொன்னால் சரி.

எங்கள் ஊர் குளத்தூருக்குத் தெற்கே, பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. இங்கே நாடகம் செய்கிறவனை ஆசிரியர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேச்சுக்கட்டி என்றால் நான் ஒருவன்தான் திரும்புவேன். மலையாண்டி என்ற என் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தச் சொல் வந்த வழி ஒன்றும் ரகசியமில்லை. எங்கள் ஊரின் முதல் பேச்சுக்கட்டி சொக்கு என்கிற பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாது. உழவும் நாடகமும் தெரியும். ஊரில் யாருக்காவது யாரிடமாவது நேரில் சொல்ல முடியாத ஒரு பேச்சு இருந்தால், அவரிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மறந்துவிடக் கூடாதே என்று அவர் தோள் துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். திருவிழா நாடகத்தில் அந்தப் பேச்சு ராஜா வாயிலோ மந்திரி வாயிலோ வந்துவிடும். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வசனம் வந்ததும் படுதாவுக்குப் பின்னால் நின்று சொக்கு அந்த முடிச்சை அவிழ்ப்பார். பேச்சைக் கட்டிவைத்து அவிழ்ப்பதால் பேச்சுக்கட்டி.

ஒரு வருடம் மழை பொய்த்து ஊரே ஒருவரோடு ஒருவர் சண்டையாகக் கிடந்தபோது நூற்றுப் பதினான்கு முடிச்சு விழுந்ததாம். நாலு முழத் துண்டு ஒரு லட்டு அளவுக்குச் சுருங்கிப்போனது. எல்லாவற்றையும் அவிழ்த்து முடிப்பதற்குள் ராஜா வேடம் கட்டியவருக்கு ஒட்டுத்தாடிக்கு அடியில் நிஜத் தாடி முளைத்துவிட்டது. ஒட்டுத்தாடியைப் பிய்த்தபோது எது வந்தது எது நின்றது என்று அவர் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தாடியின் பேரன் இப்போது கறம்பக்குடியில் கடை வைத்திருக்கிறார்.

நான் எட்டாவது வரை படித்தவன். நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள். முடிச்சைப் படிக்க முடியாது. அதனால் நானும் முடிச்சுதான் போடுகிறேன். இந்தத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. யார் கொடுத்த பேச்சு என்று வெளியே சொல்லக் கூடாது. கொடுத்தவரிடம் திரும்பவும் கேட்கக் கூடாது. இரண்டாம் தரம் சொல்லும்போது எவரும் தன் பக்கத்தைக் கொஞ்சம் வெள்ளையடித்துக்கொள்வார்.

ஒரு மருமகள் வந்தாள். மாமனார் வெற்றிலைச் சாற்றைக் கைகழுவும் தொட்டியில் துப்புகிறார், சொல்லவும் முடியவில்லை, தேய்க்கவும் முடியவில்லை என்றாள். அந்த வருடம் மந்திரி ராஜாவைப் பார்த்து, “மன்னா, தாங்கள் உமிழும் இடத்தில்தான் தங்கள் குடிமக்கள் முகம் கழுவுகிறார்கள்” என்றார். மறுநாளிலிருந்து மாமனார் கொல்லைக்கு நடந்தார். சர்க்கரை குறைந்தது அந்த நடையால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும், நாற்பது வருடமாக வாய் வரவில்லை என்றார். அந்த வருடம் கதாநாயகனுக்கு நேரமில்லை. வில்லன்தான் சொன்னான். அந்த அம்மாள் வில்லனுக்காக அழுதார்.

இதெல்லாம் அவிழ்ந்த முடிச்சுகள். அவிழாத முடிச்சு ஒன்று என்னிடம் முப்பத்தொரு வருடம் இருந்தது. அது முத்தாள் கொடுத்தது.

முத்தாளின் தம்பி பழனிச்சாமி. தாய் இல்லாத பிள்ளை, அவள்தான் வளர்த்தாள். முத்தாளின் மகள் இந்துமதிக்கு இரண்டு வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். பிள்ளைக்கு மொட்டை அடித்தாயிற்று, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தாயிற்று, மாமனைக் காணோம். காலையில் முதல் பஸ்ஸில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். விசா வந்த விஷயத்தை அக்காளிடம் சொன்னால் அழுவாள், அழுதால் போக முடியாது என்று சொல்லாமலே போயிருக்கிறான். அவனுக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர் அடைக்கலம் எங்கள் ஊர்க்காரர், நாடகத்தில் நடிப்பவரும்கூட. மத்தியானம் பஸ் திரும்பி வந்தபோது அவர் சொல்லித்தான் முத்தாளுக்கே தெரிந்தது.

வேறு யாராவது முறைக்காரரை உட்காரச் சொன்னார்கள். முத்தாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதன்பிறகு காதுகுத்து என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. இந்துமதியின் காது அப்படியே நின்றது. அவள் வளர்ந்து, கல்லூரிக்குப் போய், திருச்சியில் வேலைக்குச் சேர்ந்து தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். இப்போது வயது முப்பத்து மூன்று. அழுத்திப் போடுகிற கம்மல்தான். அது அடிக்கடி கழன்று விழும். அந்தப் பஸ்ஸில் தேடினால் சீட்டுக்கு ஒன்று கிடைக்கும். கல்யாணத்தின்போது சம்பந்தி அம்மாள் கேட்டதற்கும் முத்தாள், “மாமன் வரட்டும்” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. “அவளுக்குக் காது கேட்டாப் போதும் எனக்கு” என்றார்.

பழனிச்சாமி போன அன்று சாயங்காலம் முத்தாள் என் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வந்தாள். நான் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தாள். நான் முடிச்சுப் போட்டேன். எழுந்து போனாள். அடுத்த வருடம் திருவிழாவுக்கு முன்னால் வந்து, “அது இருக்கட்டும்ண்ணே. அவன் வந்து உக்கார்ற வருசம் அவுத்தாப் போதும்” என்றாள். அதன்பிறகு வருடா வருடம், “இருக்குல்லண்ணே?” என்று கேட்பாள். “இருக்கு” என்பேன். துண்டு நைந்தால் புதுத் துண்டில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பழையதை அவிழ்ப்பேன். இப்போது இருப்பது ஒன்பதாவது துண்டு. துவைக்கிற என் மனைவி மீனம்மாள், “துண்டையா வெளுக்கிறேன், பேயையா வெளுக்கிறேன்னு தெரியல” என்பாள்.

அவனும் அக்காள் என்று உருகாமல் இல்லை. போன் பண்ணுவான். முத்தாள் போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இரண்டு முறை இந்தியா வந்தவன் மனைவி ஊரான திருச்சியோடு திரும்பிப் போனான். இந்த வருடம் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு கீரனூரிலேயே வந்து குடியேறிவிட்டான். திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியும் அனுப்பிவிட்டான்.

சேதி வந்த அன்றே முத்தாள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

“அண்ணே, இந்த வருசம் அவுத்துரலாம்ல?”

“அவுத்துரலாம், ஆத்தா.”

அவள் போன பிறகு துண்டைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அன்றைக்கு வைக்கோல் ஈரமாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. அவள் சேலை என்ன நிறம் என்பது ஞாபகம் இருக்கிறது. மாடு என்ன சொன்னது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. முத்தாள் சொன்னது மட்டும் ஒரு எழுத்துக்கூட இல்லை. பேச்சுக்கட்டிக்குப் பேச்சு மறந்துபோனது இந்த ஊர் வரலாற்றில் கிடையாது. சொக்குப் பெரியவர் செத்து மூன்றாம் நாள் கனவில் வந்து, பாக்கி இருந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனவர்.

ஞாபகம் வர எல்லாம் செய்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது கேப்பைக் களி என்பதால் மூன்று நாள் கேப்பைக் களியே சாப்பிட்டேன். மாட்டுக்கொட்டகையில் போய் வைக்கோலை நனைத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போது இருப்பது அந்த மாட்டின் பேத்திக்குப் பேத்தி. அதுவும் என்னைக் கவலையாகத்தான் பார்த்தது.

மீனம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. வாயில வர மாட்டேங்குது.”

“அதுக்குப் பேருதான் மறக்கிறது. போயி அவகிட்டயே கேளுங்க.”

“கேக்கக் கூடாதுல்ல.”

“முப்பத்தொரு வருசம் அவ தம்பிகிட்டப் பேசாம இருந்தது இந்த முடிச்ச நம்பித்தான். நீங்க மானத்த நம்பி இருக்கீங்க. எது பெருசுன்னு பாத்துக்கங்க.”

அப்போதும் நான் நேராகப் போகவில்லை. அடைக்கலத்திடம் போனேன். ரிட்டயராகிப் பன்னிரண்டு வருடமாகியும் இடது கை விரலுக்கிடையில் டிக்கெட்டுக் கட்டு இருப்பதுபோலவே நடக்கிற ஆள்.

“அன்னிக்கு நீ சேதி சொன்னப்ப முத்தாளு என்னப்பா சொன்னா?”

“ஒன்னும் சொல்லல. எந்த பஸ்ஸுன்னு கேட்டா. என் பஸ்ஸுதான்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தா. அதுல இருந்து அவ என் பஸ்ஸுல ஏறுனதே இல்ல. பின்னாடி வர்ற தனியாருக்கு நிப்பா.” இடது கை விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் அவன எறக்கி விட்டுருக்கணும் மலையாண்டி. விசில் என் கையிலதான இருந்துச்சு.”

மறுநாள் முத்தாள் வீட்டுக்குப் போனேன். விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். கால் படி உரித்த பிறகுதான் வாய் வந்தது.

“முத்தாளு. எனக்கு மறந்துபோச்சு ஆத்தா.”

“எது?”

“நீ அன்னிக்குச் சொன்னது.”

அவள் கையை நிறுத்தவில்லை. இரண்டு கடலை உரித்தாள்.

“நான் அன்னிக்கு ஒன்னுமே சொல்லலையேண்ணே.”

“சொல்லலையா?”

“கல்லுல உக்காந்தேன். அழுகை வந்துச்சு. அழுதேன். நீங்க பாத்துக்கிட்டே ஒரு முடிச்சுப் போட்டீங்க. சரி, அண்ணனுக்குப் புரிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

ஒன்பது துண்டு. முப்பத்தொரு வருடம். உள்ளே ஒரு சொல்லும் இல்லை. என் ஞாபகத்தைக் கேப்பைக் களி போட்டு வதைத்தது வீண். இல்லாததை அது எப்படிக் கொண்டுவரும்?

“சரி, இப்பச் சொல்லு. அவன்கிட்ட என்ன சொல்லணும்?”

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கடலைத் தோலை ஊதினாள்.

“திட்டணும்னு நெறைய இருந்துச்சுண்ணே. இப்பத் தேடுனா ஒன்னும் இல்ல. எப்பவோ தீந்துபோச்சு போல. அவனுக்குத் தலை நரைச்சிருச்சுன்னு சொன்னாங்க. அதப் பாக்கணும்.”

“அத எப்படி வசனமா வைக்கிறது?”

“அது ஒங்க வேலை. நீங்கதான பேச்சுக்கட்டி.”

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இத்தனை வருடம் நான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. எழுதுகிறவனுக்குப் பேச்சு அவனுடையது. கட்டுகிறவனுக்கு அது அடுத்த வீட்டுச் சாமான். கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை சேர்ப்பதற்குச் சாமானே இல்லை. அக்காளைப் பிரிந்த தம்பிகளுக்கு நாலு பக்கம் வசனம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. எதுவும் முத்தாளுடையது இல்லை. கிழித்து மாட்டுக்குப் போட்டேன். அதுவும் தின்னவில்லை.

கடைசியில் ஒரு காட்சியை மட்டும் சேர்த்தேன். இளவரசிக்குக் காதுகுத்து. நடுவில் ஒரு மர நாற்காலி. ஆசாரி வேடம் அடைக்கலம்.

“நீ மாமனக் கூப்பிடு. கூப்பிட்டுட்டு நில்லு” என்றேன்.

“அடுத்த வசனம்?”

“இல்ல.”

“யாரும் வரலேன்னா?”

“நில்லு.”

“எம்புட்டு நேரம்ப்பா?”

“டிரைவர் டீ குடிக்கப் போனா பஸ்ஸுல நிப்பேல்ல, அப்படி நில்லு.”

அடைக்கலம் என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போய்விட்டார். கட்டுப்பாடு அவருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும் என்பதால் நாடகத்தை வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்துவிடுகிறோம். பழனிச்சாமி ஐந்து மணிக்கே வந்து மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச் சட்டை. தலை புது டயர்போலக் கறுப்பு. ஊருக்கு வருகிறோமே என்று மை அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். பெண்கள் பக்கத்தில் முத்தாள், அவள் அருகில் இந்துமதி. அவன் தலையைப் பார்த்ததும் முத்தாளின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. நான் படுதா இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காதுகுத்துக் காட்சி வந்தது. அடைக்கலம் ஊசியைத் தூக்கிப் பிடித்து, “இளவரசியின் தாய்மாமன் எங்கே?” என்றார். மேடையில் யாரும் அசையவில்லை. “தாய்மாமன் அவைக்கு வருக” என்றார். ஆர்மோனியக்காரர் குழம்பிப்போய்க் கையை எடுத்துவிட்டார். அடைக்கலம் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்தார். அவரையறியாமல் கண்டக்டர் குரல் வந்துவிட்டது.

“தாய்மாமன் யாருப்பா. ஏறி வாங்க. சீட்டு காலியாத்தான் இருக்கு.”

பிறகு நின்றார். அந்த நேரத்தில் ஒரு கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு முட்டையிட்டிருக்கலாம். மீனம்மாள் கடிகாரம் பார்த்து நாலு நிமிடம் என்கிறாள். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. என் கை முடிச்சின் மேல் இருந்தது.

பழனிச்சாமி எழுந்தான். எழுந்து வெளியே போகிற வழியாக நடந்தான். போகிறான், இரண்டாம் தரமும் போகிறான் என்று நினைத்தேன். அடைக்கலம் கையை விசிலுக்குத் தூக்கியது எனக்குத் தெரிந்தது. கழுத்தில் விசில் இல்லை. பழனிச்சாமி ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்து மேடையில் ஏறினான். நாற்காலியில் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாள் குரல் வந்தது.

“இந்து. போ.”

இந்துமதி எழுந்தாள். நடந்துகொண்டே இரண்டு கம்மலையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். மேடையேறி மாமன் பக்கத்தில் நின்று, எப்படி உட்காருவது என்று யோசித்து, பிறகு மடியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். அவன் அவள் காதைப் பார்த்தான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊரே கேட்டது.

“இன்னுமா குத்தல, ஆத்தா?”

“நீங்க வரலையே மாமா.”

அவனுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் அவனிடம் இதை யாரும் சொல்லவில்லை. போனில் மழை உண்டா என்று பேசியிருக்கிறார்கள், விலைவாசி பேசியிருக்கிறார்கள். இதை மட்டும் முத்தாள்தான் சொல்ல வேண்டும் என்று அவள் புருஷனும், புருஷன் சொல்லியிருப்பார் என்று முத்தாளும் விட்டுவிட்டார்கள். பழனிச்சாமி இந்துமதியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

முத்தாள் எப்போது மேடைக்கு வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது அவள் கை அவன் தலையில் இருந்தது. வைகாசிப் புழுக்கத்தில் வேர்த்து ஒழுகிய தலை. கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. அவன் உச்சியில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் முடிச்சைத் தொட்டேன். தொட்டதும் அவிழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாடகம் நடக்கவில்லை. வில்லனைக் கொல்ல வேண்டிய காட்சி பாக்கியாக நின்றுவிட்டது. அவன் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான், கீரனூரில் மொபைல் கடையில். மறுநாள் காலை கோயில் வாசலில் நிஜ ஆசாரியை வைத்து நிஜமாகவே காது குத்தினார்கள். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணை மடியில் தாங்கியதில் பழனிச்சாமிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊசி இறங்கியபோது கத்தியது இந்துமதி இல்லை, அவன்தான். சாயங்காலம் முத்தாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அடைக்கலத்துக்குச் சாப்பாடு அனுப்பியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து முத்தாள் என் வீட்டுக்கு வந்தாள். மீனம்மாள் துவைத்துக் காயப்போட்டிருந்த ஒன்பதாவது துண்டு கொடியில் கிடந்தது. முடிச்சு இருந்த மூலை மட்டும் நிமிராமல் சுருண்டே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, ஒரு முடிச்சுப் போடணுமே.”

“யாருக்கு?”

“பழனிக்குத்தான். அந்த மைய அடிக்கிறத நிறுத்தச் சொல்லணும். நல்லாவே இல்ல.”

“இப்பதான் தினம் பேசிக்கிறீங்களே. நேரா சொல்ல வேண்டியதுதான?”

“அதெப்படிண்ணே நேரா சொல்றது. மனசு கஷ்டப்படுவான்ல.”

கொடியிலிருந்து துண்டை எடுத்தேன். அந்த மூலை தானாகவே மடங்கிக் கொடுத்தது. யார் கொடுத்த பேச்சு என்று வெளியே சொல்லக் கூடாதுதான். பழனிச்சாமி புத்தகம் படிக்கிறவன் இல்லை என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த வைகாசி வரை யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.